அணை நீர்மட்டம் எழுத்தாக வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேரன்மகாதேவியில் வசிக்கும் நான், திருமணமாகி இந்த ஊருக்கு வந்த நாள்முதல் தங்கள் நாளிதழைப் படித்துவருகிறேன். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் ஆகியவற்றைத் தாங்கள் நாள்தோறும் ஒரு சிறு கட்டமாக வெளியிடுகிறீர்கள். அந்தக் கட்டம் தங்கள் இணையதளத்தில் படமாக இடம்பெறுகிறது. அதை எழுத்தாகவே வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காக இக்கடிதத்தை எழுதுகிறேன். கேட்பது சிறிய மாற்றம்தான் என்றாலும், அதன் பின்னால் எங்கள் வீட்டுக் காலைப்பொழுதும், என் தொழிலும், நாங்கள் மாலை நேரங்களில் கேட்கும் வியட்நாம் பாட்டும்கூட இருப்பதால் சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டும்.

என் அத்தைக்கு வயது 74. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நன்செய் இருக்கிறது. மாமா இருந்தவரை வயலை அவர் பார்த்தார், கணக்கை அத்தை பார்த்தார். மாமா காலமான பின் இரண்டையும் அத்தையே பார்க்கிறார். என் கணவர் பள்ளி ஆசிரியர். விதை வாங்கி வருவார், ஆள் கூப்பிடுவார், ஆனால் நாற்றங்கால் என்றைக்குப் பாவுவது என்பதை இன்றும் அத்தைதான் சொல்ல வேண்டும். அதை அவர் பஞ்சாங்கத்தை மட்டும் வைத்துச் சொல்வதில்லை. பாபநாசத்தில் எத்தனை அடி, மணிமுத்தாற்றில் எத்தனை அடி என்று தெரிந்துகொண்டுதான் வாய்திறப்பார். பாபநாசம் நிறைந்தால் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118 என்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாய்பாட்டோடு சேர்ந்து மனப்பாடமான கணக்கு. கார் சாகுபடிக்கு ஜூன் மாதத்தில் தண்ணீர் திறப்பார்களா, பிசானத்துக்கு வடகிழக்குப் பருவமழை கைகொடுக்குமா என்று இந்தப் பக்கத்துத் திண்ணைகளில் எழும் பேச்சு எதுவானாலும் அந்த எண்களில்தான் தொடங்கும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் சர்க்கரை நோயால் அத்தையின் விழித்திரை பாதிக்கப்பட்டது. மருத்துவத்துக்குப் பிறகு வீட்டுக்குள் நடமாடப் போதுமான பார்வை தங்கியது. அச்செழுத்தைப் படிக்கும் பார்வை தங்கவில்லை. ஐந்தாம் வகுப்பு வரையே பள்ளிக்கூடம் போனவர் என்றாலும், நினைவு தெரிந்த நாளிலிருந்து நாளிதழை முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை விடாமல் படித்தவர் அவர். அது நின்றுபோன வருத்தத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் காலையில் நாளிதழ் வாசலில் வந்து விழும் சத்தம் கேட்டதும் எழுந்து போய் எடுத்துவந்து, மடிப்புக் கலையாமல் மேசைமேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான், திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் வசதியை அவருடைய கைபேசியில் அமைத்துக் கொடுத்தேன்.

இப்போது காலை ஐந்தரை மணிக்குக் கருப்பட்டிக் காபி டம்ளரை ஒரு கையிலும் கைபேசியை மறு கையிலும் வைத்துக்கொண்டு நடையில் உட்கார்ந்துவிடுகிறார். விரலால் திரையைத் தள்ளத் தள்ள ஒவ்வொரு செய்தியாக அந்தக் குரல் படித்துச் சொல்கிறது. மின்தடை அறிவிப்பு வருகிறது, காய்கறி விலை வருகிறது, இறந்தோர் செய்தியும் வருகிறது. அணை நீர்மட்டம் இருக்கும் இடத்துக்கு வந்தால் மட்டும் "படம்" என்று ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறது. "என்னளா இது, படம் படம்னுல்லா சொல்லுது, அணையில எத்தன அடி தண்ணி கெடக்குன்னு சொல்லமாட்டக்கு" என்று அத்தை முதல்நாள் கேட்டபோது, இணையதளம் அமைப்பதையே தொழிலாகச் செய்யும் எனக்கு மனம் சங்கடப்பட்டது.

நான் வீட்டிலிருந்தபடியே இணையதளம் வடிவமைத்துக் கொடுக்கிறேன். மகள் பிறந்த பின் வேலைக்குப் போக முடியாத காலத்தில் கற்றுக்கொண்ட தொழில் இது. கல்லிடைக்குறிச்சி அப்பளம், காருகுறிச்சி மண்பாண்டம், பத்தமடைப் பாய் என்று இந்தச் சுற்றுவட்டாரத்துச் சிறு தொழில்காரர்களுக்குத்தான் பெரும்பாலும் பக்கம் அமைத்திருக்கிறேன். இணையப் பக்கத்தில் எழுத்தாக இருக்கும் சொல்லுக்கும் படமாக இருக்கும் சொல்லுக்கும் உள்ள வேறுபாடு பார்வை உள்ளவர்களுக்குத் தெரியாது. இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் எழுத்தாக இருக்கும் 'மணிமுத்தாறு' என்னும் சொல்லில் ஒவ்வோர் எழுத்துக்கும் அதனோடு சேரும் குறிக்கும், கணினிகளுக்குப் பொதுவான யூனிகோடு என்னும் குறிமுறையில் தனி எண் இருப்பதால், கருவி அதை அடையாளம் கண்டு படிக்கும், தேடினால் கிடைக்கும், வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கினாலும் கலங்காது. அதே சொல் படமாகிவிட்டால் அது வெறும் நிறப் புள்ளிகளின் கூட்டம். அதில் அணையும் இல்லை, அடியும் இல்லை.

எழுத்து ஒன்று இணையத்தில் பிசகினால் என்ன ஆகும் என்பதை எனக்கு நேரடியாகக் கற்றுக்கொடுத்தவர் பத்தமடையில் பாய் நெய்யும் ஓர் அம்மா. தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையைப் பிளந்து, காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு எடுத்து, மெல்லிய இழையாக்கி நெய்யும் பட்டுப் பாயில் மணமக்களின் பெயரையும் சேர்த்து நெய்துதருவது அங்கே வழக்கம் என்பது தங்கள் வாசகர்கள் அறிந்ததே. அந்த அம்மாவின் குடும்பத்துக்கு நான் அமைத்துக் கொடுத்த பக்கத்தின் வழியே, மும்பை தாராவியில் குடியேறிய நம் பக்கத்துக் குடும்பம் ஒன்று மகள் திருமணத்துக்குப் பாய் கேட்டிருந்தது. மணப்பெண்ணின் பெயர் கோமதி, மாப்பிள்ளை பெயர் சுடலைமுத்து. சங்கரன்கோவில் கோமதி அம்மனையும் சுடலைமாடனையும் கும்பிடும் நாட்டில் இவ்விரு பெயர்களையும் தப்பாக எழுத யாராலும் முடியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்து அந்த அம்மா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "யம்மா, பொண்ணு பேரு கேமதின்னு வந்திருக்கு. அப்படி ஒரு பேரு நான் கேட்டதே இல்ல. நெஞ்ச பொறவு பிரிக்க முடியாதுல்லா, அதான் ஒரு வார்த்த கேட்டுக்கிடுதேன்" என்றார். நடந்தது இதுதான். 'கோ' என்னும் எழுத்தில் முன்னால் ஓர் இரட்டைச் சுழிக் கொம்பும் பின்னால் ஒரு காலும் உண்டு. யூனிகோடு முறையில் இவ்விரண்டையும் சேர்த்து ஒரே குறியாகவும் பதியலாம், இரண்டு குறிகளாகவும் பதியலாம்; பார்வைக்கு வேறுபாடு இராது. பக்கத்திலிருந்து ஆர்டர் விவரத்தை எடுத்து அனுப்பிய மென்பொருள், இரண்டாக வந்த குறிகளில் பின்னதை வேண்டாத மிச்சம் என்று எண்ணி நீக்கிவிட்டது. கால் போனதும் கோமதி கேமதி ஆகிவிட்டாள்.

அன்று மாலையே பத்தமடைக்குப் போனேன். சதுரக் கட்டம் போட்ட பள்ளிக்கூட நோட்டில் அந்த அம்மா பெயரை எழுத்தெழுத்தாக வரைந்து, ஒரு கட்டத்துக்கு இத்தனை இழை என்று கணக்கிட்டு வைத்திருந்தார். 'சுடலைமுத்து' என்னும் பெயரில் தகர மெய்க்கு மேலே வரும் புள்ளிக்கு நான்கு கட்டங்களை ஒதுக்கியிருந்தார். பாயை விரித்தால் ஒரு மிளகு அளவுக்குக்கூட அந்தப் புள்ளி இராது. "இத விட்டா பேரு 'முதது'ன்னுல்லா ஆயிரும்" என்று சொல்லிச் சிவப்புச் சாயமேற்றிய கோரை இழை ஒன்றை எடுத்து ஒளிக்கு நேரே பிடித்துக் காட்டினார். ஒரு புள்ளிக்கு நான்கு கட்டம் ஒதுக்கத் தெரிந்த கைக்கு, நான் அமைத்த பக்கம் ஒரு காலைத் தொலைத்து அனுப்பியிருந்தது. அன்றிரவே அந்த மென்பொருளை மாற்றினேன். ஓகாரம் வரும் பெயர்களை எல்லாம் இரண்டு விதமாகவும் தட்டச்சு செய்து சோதித்துப் பார்த்த பிறகுதான் தூங்கப் போனேன்.

வியட்நாம் பாட்டு எங்கள் வீட்டுக்குள் வந்ததும் பாய் வழியாகத்தான். வேறு நாடுகளில் கோரைப் பாய் நெய்பவர்கள் தங்கள் பாயை இணையத்தில் எப்படிக் காட்டுகிறார்கள் என்று தேடியபோது, வியட்நாமின் தென்கோடியில் மீகாங் ஆற்றுக் கழிமுகத்துப் பாய்கள் கண்ணில் பட்டன. சாயமேற்றிய கோரை, தரையில் படுத்த தறி, உட்கார்ந்து நெய்யும் பெண்கள் எல்லாம் பார்த்ததுமே பத்தமடை நினைவு வந்தது. அந்தப் பாய்களைப் பற்றிய பேச்சில் எல்லாம் ஒரு பாட்டும் கூடவே வந்தது. கா மாவ் என்னும் ஊரிலிருந்து படகில் பாய் ஏற்றிக்கொண்டு வாய்க்கால் வழியே போகிற ஒருவன், பாய் வாங்கிய பெண்மேல் அன்பு கொண்டு, அடுத்த முறை அவளைத் தேடிப்போனபோது காணாமல், அவளுக்கென்று கொண்டுபோன பாயை யாருக்கும் விற்காமல் தானே தலைக்கு வைத்துப் படுத்துக்கொள்கிறான் என்பது அதன் பொருள். அங்கே அது வீட்டுக்கு வீடு தெரிந்த பாட்டு.

அது 'வோங் கோ' என்னும் வகையைச் சேர்ந்தது. பழையதை எண்ணி ஏங்குதல் என்பது அச்சொல்லின் பொருள். 1919ஆம் ஆண்டில் பாக் லியூ என்னும் ஊரில் காவ் வான் லவ் என்னும் இசைக்கலைஞர், இரவில் முரசு ஒலி கேட்டுக் கணவனை நினைந்து வருந்தும் மனைவியின் கூற்றாக ஒரு பாட்டு இயற்றினார். அதிலிருந்து கிளைத்ததுதான் வோங் கோ. தொடக்கத்தில் ஒரு வரிக்கு இரண்டு தாள எண்ணிக்கை என்றிருந்தது, பாடகர்கள் சொல்லை நிரப்ப நிரப்ப நான்கு, எட்டு, பதினாறு என்று விரிந்து இன்று முப்பத்திரண்டு எண்ணிக்கையில் நிற்கிறது. அது பிறந்த தென்வியட்நாம் நாட்டார் அவையிசையை யுனெஸ்கோ 2013இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

இரவு உளுந்தம்பருப்புச் சோற்றுக்கு எள்ளுத் துவையல் அரைத்துக்கொண்டே அதை நான் கைபேசியில் ஓடவிட்டேன். அத்தை பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பாடகர் முதலில் தாளமில்லாமல், பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே, சொல்லை இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டே வருகிறார். ஓர் இடத்தில் கடைசிச் சொல்லை அப்படியே கீழே இறக்கித் தாளத்தில் நிறுத்துகிறார். கேட்பவர்கள் அந்த இடத்தில் கைதட்டுகிறார்கள். அத்தை உரித்த வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டே, "இவன் விருத்தம் பாடிட்டுல்லா பாட்டுக்குள்ள எறங்குதான்" என்றார். கொடைவிழாக்களில் விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்த காது அது. பிறகு நான் தேடிப் படித்தபோது, அந்த இடத்தை வியட்நாமியர் சொல்லும் சொல்லுக்கே 'இறங்குதல்' என்றுதான் பொருள் என்று தெரிந்தது. அத்தையிடம் சொன்னேன். "பெறவு, எறங்குறத எறங்குறதுன்னுதான சொல்லுவான்" என்று முடித்துக்கொண்டார்.

அன்றுமுதல் சமையல் நேரத்தில் அந்தப் பாட்டு எங்கள் வீட்டில் வாடிக்கையாகிவிட்டது. வீணை பயிலும் மகள், அதில் வரும் கிட்டார் ஏன் நம் கமகம் போல அசைகிறது என்று கேட்டாள். மேல்நாட்டுக் கிட்டாரின் கழுத்தில் குறுக்கே உள்ள மெட்டுக் கம்பிகளுக்கு இடையிலுள்ள மரத்தைக் குடைந்து பள்ளமாக்கி, தந்தியை ஆழ அழுத்தி ஒலியை வளைக்கும்படி வியட்நாமியர் அதைத் தமக்கேற்ப மாற்றிக்கொண்டார்கள் என்பதைப் படத்தில் காட்டினேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கு 'தான் பாவ்' என்னும் ஒற்றைத் தந்திக் கருவிதான் பிடித்துப்போனது. ஒரே தந்தி, அதன் ஒரு முனையில் வளைந்து கொடுக்கும் மெல்லிய கழி. வலக்கையின் ஓரத்தால் தந்தியைத் தொட்டு மீட்டி, இடக்கையால் கழியை அசைத்தே அத்தனை சுரங்களையும் வரவழைக்கிறார்கள். வில்லில் ஒரு நாண் கட்டிக் கதை முழுவதையும் சொல்லும் நாட்டில் பிறந்தவனுக்கு அது வியப்பாக இருந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான்.

பாட்டின் பொருள் வேண்டும் என்று அத்தை கேட்டபோதுதான் தொல்லை தொடங்கியது. தாலாட்டு ஒன்றின் வரிகளை ஓரிடத்திலிருந்து எடுத்து மொழிபெயர்ப்புக் கருவியில் இட்டேன். வயலைப் பற்றிய வரியில் பேய் வந்து நின்றது. பிள்ளையைத் தூங்கவைக்கும் பாட்டில் பேய்க்கு என்ன வேலை என்று அத்தை திகைத்தார். அந்த வரிகளைப் பதிந்தவர் எழுத்துகளுக்கு மேலும் கீழும் வரும் குறிகளை எல்லாம் விட்டுவிட்டுப் பதிந்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

வியட்நாம் மொழியில் ஒரே அசை, சொல்லும் தொனியைப் பொறுத்து வெவ்வேறு சொல்லாகிறது. வடக்கே ஆறு தொனிகள்; தெற்கே இரண்டு ஒன்றாகி ஐந்தாகக் கேட்கும், எழுத்தில் மட்டும் ஆறும் இருக்கும். 'மா' என்பதைச் சமமாகச் சொன்னால் பேய். மேலேற்றிச் சொன்னால் தென்பகுதியில் அம்மா. கீழிறக்கினால் 'ஆனால்' என்னும் இடைச்சொல். இறக்கி வளைத்தால் கல்லறை, உடைத்து ஏற்றினால் குதிரை, அழுத்தி வெட்டினால் நெல் நாற்று. இந்த ஆறையும் எழுத்தில் பிரித்துக் காட்டுபவை சின்னஞ்சிறு குறிகள். நாற்றுக்குரிய குறி, எழுத்தின் கீழே வைக்கும் ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளியைத் தொலைத்த பக்கத்தில்தான் எங்கள் அத்தைக்கு நாற்றங்கால் பேய்க்காடாகத் தெரிந்தது. குறிகளோடு பதிந்த வரிகளைத் தேடி எடுத்து மறுபடி படித்துச் சொன்னதும், "நாத்தா! அப்பச் சரி" என்றார். நாற்று என்றால் அவருக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

அந்தக் குறிகள் எழுத்தை அழகுபடுத்த வைத்தவை அல்ல. பாடுபவர் சொல்லின் தொனிக்கு ஏற்றபடியே மெட்டை வளைத்துக்கொள்ள வேண்டும். தொனி தவறினால் சொல்லே மாறிவிடும். ஆகவே தாளில் ஒரு புள்ளி போனால் பாட்டில் ஒரு சுரம் போகிறது. என் அத்தையின் கைபேசிக் குரலுக்கும் இதே நிலைதான். அந்தக் குரலுக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் எழுத்து எப்படிப் பதியப்பட்டிருக்கிறதோ அப்படியே ஒலிக்கும். சரியாகப் பதிந்தால் தமிழாக ஒலிக்கும், பிசகாகப் பதிந்தால் பிதற்றும், எழுத்தே இல்லாமல் படமாக வைத்தால் வாய் மூடிவிடும்.

எழுத்துக் குறிகளைப் பற்றிப் பேசும்போது நம் பக்கத்து ஊர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. வியட்நாம் மொழியை ரோமன் எழுத்தில் குறிகளோடு எழுதும் முறையை வகுத்தவர்கள் பதினேழாம் நூற்றாண்டில் அங்கே சென்ற இயேசு சபைத் துறவிகள். அவர்களில் ஒருவரான அலெக்சாந்தர் தெ ரோத்ஸ் தொகுத்த அகராதி 1651இல் ரோம் நகரில் அச்சானது. அதே சபையைச் சேர்ந்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் அதற்கு முந்தைய நூற்றாண்டிலேயே தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் வாழ்ந்து தமிழை அச்சேற்றப் பாடுபட்டார். அவருடைய முயற்சியால் 1578இல் கொல்லத்தில் தமிழ் நூல் அச்சானது. பின்னர் வந்த வீரமாமுனிவர் பணிபுரிந்த இடங்களில் ஒன்று கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டி. ஏகார, ஓகார நெடில்களைக் குறில்களிலிருந்து பிரித்துக் காட்டும் இன்றைய வடிவத்தை நமக்குத் தந்தவர் அவர்தான் என்கிறோம். அவருக்கு முந்திய ஓலைகளில் எழுத்தைப் பார்த்துக் குறிலா நெடிலா என்று சொல்ல இயலாது. இடத்தை வைத்து ஊகிக்க வேண்டும். பத்தமடைப் பாய்க்கு வந்த ஆர்டரில் தொலைந்துபோனது அவர் திருத்திக் கொடுத்த அந்த ஓகாரத்தின் கால்தான் என்று எண்ணும்போது எனக்கு ஒரு நடுக்கமே ஏற்பட்டது.

கணினி வந்த பிறகும் இரு மொழிகளும் ஒரே பாட்டைத்தான் பட்டன. அங்கே ஊருக்கு ஒரு குறிமுறை இருந்தது. ஒன்றில் பதிந்ததை இன்னொன்றில் திறந்தால் குப்பையாகத் தெரியும். யூனிகோடு முறையைத் தழுவிய தேசியத் தரத்தை அவர்கள் 2001இல் வகுத்தார்கள். இங்கேயும் பாமினி, வானவில், தாப், தாம் என்று பலவிதக் குறிமுறைகள் நடமாடின. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடு முறையை ஏற்றது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நம் பக்கங்களில் தமிழ் படமாக ஏறுவதற்குக் காரணம் அலட்சியம் என்று நான் சொல்லமாட்டேன். அச்சுப் பக்கத்துக்காகப் பழைய குறிமுறையில் கோத்த கட்டத்தை, நள்ளிரவில் பதிப்பை முடிக்கும் அவசரத்தில், அப்படியே வெட்டி ஏற்றிவிடுவது எளிது என்பதால்தான் இது நடக்கிறது என்று எண்ணுகிறேன். இரவுப் பணியில் இருப்பவர்களின் சுமை எனக்குத் தெரியாததல்ல.

ஆனால் அணை நீர்மட்டக் கட்டம் மற்றச் செய்திகளைப் போன்றதல்ல. அணைகளின் பெயர் மாறுவதில்லை. முழுக் கொள்ளளவுக்குரிய அடியும் மாறுவதில்லை. நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் என்னும் தலைப்புகளும் மாறுவதில்லை. நாள்தோறும் மாறுபவை சில எண்கள் மட்டுமே. ஒரு முறை முறையான அட்டவணையாக அமைத்து வைத்துவிட்டால், பணியில் இருப்பவர் எண்களை மட்டும் தட்டச்சு செய்தால் போதும். படம் வெட்டி ஏற்றுவதைக் காட்டிலும் வேலை குறையும். அட்டவணையில் வரிசைத் தலைப்பையும் பத்தித் தலைப்பையும் தலைப்பு என்று குறித்து வைத்தால், விரலை எந்தக் கட்டத்தில் வைத்தாலும் "பாபநாசம், நீர்மட்டம்" என்று முன்னால் சொல்லிவிட்டு எண்ணைச் சொல்லும். தலைப்பு என்று குறிக்காவிட்டால் வெறும் எண்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகும். கேட்பவர் எது எந்த அணை என்று தெரியாமல் திணற வேண்டியதுதான். பக்கத்தின் மொழி தமிழ் என்று உள்ளே ஒரு குறிப்பு இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது இல்லாத பக்கத்தில் கைபேசி சில வேளை ஆங்கிலக் குரலிலேயே தமிழைப் படிக்க முயல்கிறது.

எழுத்தாக வைத்தால் தமிழ் அசிங்கமாகத் தெரிகிறது, படமாக வைத்தால்தான் அழகாக இருக்கிறது என்று என் வாடிக்கையாளர்கள் பலர் சொல்வதுண்டு. அந்தக் குறை உண்மையானது. ஆனால் அது தமிழின் குறை அல்ல, ஆங்கிலத்துக்கு அளந்து தைத்த சட்டையைத் தமிழுக்குப் போட்டுவிடுவதால் வருவது. ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளியில் தமிழை வைத்தால் 'கீ' என்னும் எழுத்தின் மேல்சுழி, மேல்வரியிலுள்ள 'கூ' என்னும் எழுத்தின் வாலில் போய் இடிக்கும். எழுத்தின் உயரத்தைப் போல ஒன்றே முக்கால் மடங்கு இடம் விட்டால் தமிழ் மூச்சுவிடும். சொல்லை எங்கே வேண்டுமானாலும் உடைக்கலாம் என்று அமைத்துவிட்டால் ஒற்றெழுத்து வரியின் தொடக்கத்தில் போய் நிற்கும். எழுத்துகளுக்கு இடையே செயற்கையாக இடைவெளி விட்டால் கொம்பு தனியாக, கால் தனியாக விலகி நிற்கும். இவற்றைத் திருத்தச் சில வரிகளே போதும். நான் எந்தப் பக்கத்தை முடித்தாலும் அத்தையின் விலை குறைந்த கைபேசியில் ஒரு முறை திறந்து, அவரையே கேட்கச் சொல்லிவிட்டுத்தான் வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கிறேன். அவர் "ம்" என்றால் எனக்கு அது போதும்.

இப்போது தினமும் காலையில் அந்தக் கட்டத்தை நானோ என் கணவரோதான் அத்தைக்குப் படித்துச் சொல்கிறோம். எங்களுக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை. ஆனால் அத்தைக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டி நான் பரபரத்துக்கொண்டிருக்கும் வேளையில், கேட்கலாமா வேண்டாமா என்று அவர் அடுப்படி வாசலில் வந்து நிற்பதை ஓரக்கண்ணால் பார்க்கிறேன். சில நாள் கேட்காமலேயே திரும்பிப் போய்விடுகிறார். தம் வயலின் கணக்கைத் தாமே பார்த்துவந்த ஒருவர், அணையில் எத்தனை அடி என்பதற்கு அடுத்தவர் ஓய்வை எதிர்பார்த்து நிற்க நேர்வதுதான் என்னை இக்கடிதம் எழுதவைத்தது. எங்கள் தெருவிலேயே பார்வை மங்கிய முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் கைபேசியில் இந்த வசதியைப் போட்டுக்கொடுக்க அத்தை என்னை அனுப்பிவைத்திருக்கிறார்.

மேலே சொன்ன அட்டவணையை நான் முழுவதுமாக அமைத்து வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டிலுள்ள மூன்று விதமான கைபேசிகளிலும் அது சரியாகப் படிக்கிறதா என்று சோதித்தும் பார்த்துவிட்டேன். தங்கள் இணையப் பிரிவினர் விரும்பினால் கட்டணம் ஏதுமின்றி அனுப்பிவைக்கிறேன். என் பெயரை எங்கும் குறிப்பிட வேண்டியதில்லை. பிசான நாற்றங்காலுக்கு விதை ஊறப்போடும் நாளைக் குறிக்க அத்தை உட்காரும் முன் இது நடந்தால், அந்த ஆண்டு எங்கள் வீட்டில் நாள் குறிப்பது பழையபடி அவர் கேட்டு அவரே சொன்னதாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
சேரன்மகாதேவி, திருநெல்வேலி மாவட்டம்